லாரி நின்றாலும் பொறுப்பு நிற்பதில்லை: நடுவழியில் வண்டி பழுதானால் டிரைவர் செய்ய வேண்டியவை

லோடு லாரி ரோட்டில் நின்றுபோனால் நாம் முதலில் கூப்பிடுவது மெக்கானிக்கை, அடுத்து பார்ட்டியை, அதாவது சரக்குக்காரரை. பின்னால் வருகிற வண்டியின் நினைப்பு மூன்றாவதாகத்தான் வரும். சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்காது. ஸ்டேஷனில் உட்கார்ந்த பிறகு ஆளுக்கொன்று சொல்வார்கள், அதில் பாதி தப்பாக இருக்கும். ஒரு மாத ஓட்டமும் ஒரு மாதத் தவணையும் நல்ல தூக்கமும் போன பிறகு எனக்குத் தெளிவானதை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டி என்னுடையது, ஓட்டியதும் நானே. அதனால் டிரைவர் தலையில் விழுவது எது, ஓனர் தலையில் விழுவது எது என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியதாயிற்று.

சேலத்திலிருந்து சென்னைக்கு 20 டன் கட்டுக்கம்பி, பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரி. உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஓடியவர்களுக்குத் தெரியும்: நாலு வழியில் வேகமாக வந்துகொண்டே இருக்கும்போது ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று ஊருக்கு ஊர் வரும் புறவழிச்சாலைகள் பல வருடம் இரண்டே வழியாகத்தான் இருந்தன. வந்த வேகம் குறையாமல் வண்டிகள் அந்தக் குறுகலுக்குள் நுழையும். நள்ளிரவு தாண்டி அப்படியொரு இடத்தில்தான், எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது அதன் மூட்டு, உடைந்தது.

கிராஸ் உடைந்தால் வண்டி இழுக்காது, ஓரமாக உருட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முன்பக்கக் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கழன்று சுற்றினால் பக்கத்தில் போகிற ஏர் பைப்பை அடித்து வெட்டிவிடும். ஏர் இறங்கியதும் பின் அச்சுகளில் உள்ள ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏர் இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது என்று நினைப்பது பழைய வண்டிப் பழக்கம். இப்போதைய வண்டிகளில் ஏர் இருந்தால்தான் பார்க்கிங் பிரேக் விடும். ஆக, இடது சக்கரம் மண்ணிலும் வலது சக்கரம் தாரிலுமாக, பாதி வண்டி ஓடுபாதையில் இருக்கும்போதே இறுகி நின்றுவிடும். அதை விடுவிக்க ஒவ்வொரு பிரேக் சேம்பருக்கும் பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்க வேண்டும். அதற்கு முன்னால் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தாக வேண்டும். போல்ட் திருகியபின் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் கிடையாது. சரிவான இடமாக இருந்தால் கிரேன் கொக்கி மாட்டும்வரை அந்த போல்ட்டைத் தொடவே கூடாது.

வண்டி நின்ற முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாலு இண்டிகேட்டரும் பார்க்கிங் விளக்கும் போடுங்கள். பாட்டரி இறங்கிவிடும் என்று பலர் இதை அணைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டருக்கு மட்டும் 21 வாட் பல்பு ஆறு என்றால் 126 வாட். விட்டு விட்டு எரிவதால் சராசரி அதில் பாதி. 24 வோல்ட்டில் அது மூன்று ஆம்பியருக்கும் குறைவு. ராத்திரி முழுக்க பத்து மணி நேரம் எரிந்தாலும் முப்பது ஆம்பியர் மணி தாண்டாது. நல்ல நிலையில் உள்ள லாரி பாட்டரிக்கு இது பெரிய சுமை இல்லை. வயரிங் கோளாறில் வண்டி நின்று பாட்டரி வயரையே கழற்ற வேண்டியிருந்தால் கதை வேறு. அதற்காகத்தான் தனி பாட்டரியில் மின்னுகிற சிவப்பு விளக்கு ஒன்று கேபினில் எப்போதும் இருக்க வேண்டும். பின்பக்கம் தார்ப்பாய் தொங்கி விளக்கையும் சிவப்பு ஸ்டிக்கரையும் மறைக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது முக்கோணம். வண்டி வாங்கும்போதே கொடுக்கிறார்கள், பெரும்பாலும் பிரிக்காத உறையோடு டூல் பாக்ஸில் கிடக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். பார்த்துச் சுதாரித்து, பிரேக் மிதித்து, லோடு வண்டி நிற்க நூறு மீட்டர் வரை போய்விடும். ஆகவே வண்டியை ஒட்டி முக்கோணம் வைப்பதில் பயனில்லை. ஒன்றை ஐம்பது மீட்டரிலும் இன்னொன்றை நூறு மீட்டருக்கு அப்பாலும் வையுங்கள். பெரிய எட்டாக 150 எட்டு நடந்தால் ஏறக்குறைய சரியாக வரும். வளைவைத் தாண்டி நின்றிருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். இரு வழிச்சாலையில் எதிர்ப்பக்கமும் ஒன்று வேண்டும். எதிரே வருகிறவர் ஓவர்டேக் எடுக்க ஏறி வரலாம். ஒரு ஜோடி முக்கோணம் இதற்குப் போதாது. இன்னொரு ஜோடி சில நூறு ரூபாய்தான்.

கல்லையும் மரக்கிளையையும் அடுக்கி வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம். தழை வைப்பதில் தப்பில்லை. கல் வைத்தால் இருட்டில் பைக்காரர் அதில் ஏறி விழுவார், அந்த வழக்கும் உங்கள் மேல்தான் வரும். வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது. ஒரு காலிச் சாக்கில் மண் அள்ளி நிரப்பி வைத்தால் ஏறினாலும் உயிர் போகாது.

கிளீனரை வண்டிக்கு அடியிலோ, நிழலுக்காகப் பின்பக்கமோ, வலது பக்கமோ இருக்க விடாதீர்கள். ரோட்டை விட்டு இறங்கி இடது ஓரத்தில் தள்ளி நிற்க வேண்டும். மெக்கானிக் அடியில் போவதற்கு முன்னால் கிரேன் வந்து வண்டியை ஓரம் தள்ளியாக வேண்டும். 'அரை மணி வேலைதாண்ணே, இங்கயே முடிச்சிரலாம்' என்று அவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அடியில் படுத்திருக்கும்போது பின்னால் வண்டி இடித்து இறந்த மெக்கானிக்குகள் நிறைய.

இவ்வளவையும் செய்த கையோடு போட்டோ எடுங்கள். முக்கோணம் இருக்கும் இடத்திலிருந்து வண்டியைப் பார்த்து ஒன்று, எரிகிற இண்டிகேட்டரோடு பின்பக்கம் ஒன்று, உடைந்த பாகம் ஒன்று, பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அது. அரை நிமிட வீடியோவாகவும் எடுத்து, உடனே வாட்ஸாப்பில் வீட்டுக்கோ புக்கிங் ஆபீசுக்கோ அனுப்பிவிடுங்கள். போனில் இருக்கும் படத்தின் நேரத்தை மாற்றிவிட்டான் என்று வாதிட இடமுண்டு. அனுப்பி, அடுத்த ஆள் போனில் பதிவானதை அப்படிச் சொல்வது கஷ்டம். பிறகு 1033. தேசிய நெடுஞ்சாலையின் இந்த எண் இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது. ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். பாதையை விட்டு அப்புறப்படுத்துவதோடு அவர்கள் வேலை முடிந்தது, பட்டறை வரை இழுப்பது உங்கள் செலவு. கிரேன் வரத் தாமதமானால் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள். 112க்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இந்த அழைப்புகள் ஒவ்வொன்றும் பின்னால் சாட்சி. மோட்டார் வாகனச் சட்டம் 201வது பிரிவில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டி நிறுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019 திருத்தத்தில் அதே பிரிவில் ஒரு விலக்கும் சேர்த்தார்கள்: எதிர்பாராமல் பழுதாகி, அப்புறப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிற வண்டிக்கு இது பொருந்தாது. வேலை நடந்துகொண்டிருந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது போன் அழைப்புப் பட்டியல்தான்.

நான் கூப்பிட்டும் அன்று கிரேன் வந்து சேரவில்லை. விடியலுக்கு முன்னால், டிரைவர்கள் கண்ணைக் கட்டும் நேரத்தில், காய்கறி ஏற்றிவந்த சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டி ஒன்று இரண்டாவது முக்கோணத்தை நசுக்கிக்கொண்டு வந்து பின்பக்கம் மோதியது. ஓட்டிவந்த பையனுக்குக் கால் முறிவு. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அவன்மேல் கோபமும் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கோயம்பேட்டுக்கும் ஊருக்கும் ஓடுகிறவன் அவன்.

இந்த இடத்தில் சட்டம் டிரைவரிடம் கேட்பது 134வது பிரிவில் இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அதாவது 108. கூட்டம் அடிக்க வந்தாலோ, நம் கையில் இல்லாத வேறு காரணம் இருந்தாலோ மட்டும் விலகலாம். போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், தாமதமானாலும் 24 மணி நேரத்துக்குள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'நிற்கிற வண்டியில் வந்து இடித்தவன் அவன், நமக்கென்ன' என்று ஓடிப்போனால் நல்ல கேஸும் கெட்டுவிடும். நீங்களே போய்ப் புகார் எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்குங்கள். எந்த நேரம் வண்டி நின்றது, எதனால் நின்றது, என்ன எச்சரிக்கை வைத்தீர்கள், எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

நிற்கிற வண்டிக்கு எப்படிப் பொறுப்பு என்று கேட்காத டிரைவர் இல்லை. நானும் ஸ்டேஷனில் கத்தினேன். பதில் பழையது. மகாராஷ்டிரத்தில் 1987இல் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், ஓடாமல் கிடக்கும் வண்டியும் 'பயன்பாட்டில்' உள்ளதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. 122வது பிரிவு ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. 2024 செப்டம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் கடுமை. ராத்திரியில் விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் நடுரோட்டில் விட்டுப்போன ட்ரெய்லர் லாரியில் கார் மோதியது. கார் டிரைவருக்கும் பாதிப் பங்கு என்று கீழ்க் கோர்ட்டுகளில் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்காமல், முழுப் பொறுப்பையும் லாரிமேல் வைத்தது. ஆக, கேள்வி மோதியது யார் என்பதோடு முடிவதில்லை. நின்ற வண்டியை மற்றவர் பார்க்கும்படி வைத்திருந்தாயா, அதற்கு ஆதாரம் என்ன என்பதுவரை போகும். விளக்கும் முக்கோணமும் இருந்தால் பொறுப்பு பங்காகப் பிரியும், சில சமயம் முழுவதுமே மோதியவர் பக்கம் போகும்.

எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2024 ஜூலை முதல், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் எண்கள். 281 என்றால் தாறுமாறாக ஓட்டியது. 125(பி) கொடுங்காயம், மூன்று வருடம் வரை. உயிர் போனால் 106(1), ஐந்து வருடம் வரை. பொதுவழியில் இடையூறு மட்டும் என்றால் 285, ஐயாயிரம் வரை அபராதம். பழக்கதோஷத்தில் நின்ற வண்டிக்கும் 281 போட்டுவிடுகிறார்கள். ஓடாத வண்டியைத் தாறுமாறாக ஓட்டியது எப்படி என்று முதல் நாளே வக்கீல் மூலம் கேட்க வேண்டும்.

அடுத்தது பிரேக் இன்ஸ்பெக்டர் பரிசோதனை. மோட்டார் வாகன ஆய்வாளரைத்தான் சொல்கிறேன். இங்கே பலர் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். விபத்து அறிக்கைகளில் வழக்கமாக எழுதும் கடைசி வரி ஒன்று உண்டு: விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்படவில்லை. ஓடிய வண்டிக்கு அது சரி. பழுதாகி நின்ற வண்டிக்கு அந்த வரி விழுந்தால், நல்ல வண்டியைச் சும்மா நிறுத்தியிருந்தான் என்று ஆகிவிடும். ஆகவே அவர் பார்க்கும்வரை உடைந்த கிராஸை மாற்றக் கூடாது, வெட்டுப்பட்ட ஏர் பைப்பை ஒட்டக் கூடாது. விபத்துக்கு முன்பே ஷாஃப்ட் உடைந்து வண்டி நகர முடியாமல் இருந்தது என்று அறிக்கையில் எழுதும்படி மரியாதையாகக் கேட்டு, படத்தையும் காட்டுங்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கை கொடுத்தது. கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் கேஸ் முடியும்வரை வைத்திருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் அன்றைய தேதிக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் வந்த விதிகளில் போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையை விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். டிரைவரும் ஓனரும் தத்தம் படிவத்தை 30 நாளில் கொடுக்க வேண்டும். நமக்கென்று நம் வாயால் சொல்லக் கிடைக்கும் இடம் அந்தப் படிவம். ஸ்டேஷனில் எழுதியதில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

லோடுக்கும் இதற்குள் கெடு ஓடும். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சேலம்–சென்னைக்கு இரண்டு நாள்தான். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்த 8 மணி நேரம் வரை மட்டுமே நீட்டிக்க முடியும். லோடை வேறு லாரிக்கு மாற்றினால் பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட்-பியில் புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். பில் செத்துப்போன நிலையில் பிடித்தால் வரியில் 200 சதவீதம் அபராதம். 11 லட்ச ரூபாய்க் கம்பிக்கு 18 சதவீத வரி 1.98 லட்சம், அபராதம் கிட்டத்தட்ட 4 லட்சம். மாற்றி ஏற்றும்போது பார்ட்டியின் ஆளையோ, முடியாவிட்டால் வீடியோ காலிலோ வைத்துக் கட்டுகளை எண்ணுங்கள். எடைச்சீட்டு எடுங்கள். வண்டி பழுது என்பதால் சரக்கு நஷ்டத்திலிருந்து தப்ப முடியாது. சாலைவழிச் சரக்குச் சட்டத்தில் போர், கலவரம், இயற்கைப் பேரிடர் போன்றவைக்குத்தான் விலக்கு. கிராஸ் உடைந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

இன்சூரன்ஸில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிராஸும் ஷாஃப்ட்டும் இயந்திரப் பழுது, பைசா வராது. மோதலில் நசுங்கிய பாடிக்கு உண்டு. விபத்துக்குப் பின் இழுத்துப்போகும் செலவுக்கு வழக்கமான லாரி பாலிசியில் 2,500 ரூபாய்தான் வரம்பு, கிரேன்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார். பாலிசியில் இன்னொரு நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்: பழுதான வண்டியைத் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளின்றி விட்டுப்போகக் கூடாது, சரிசெய்யாமல் ஓட்டி மேலும் கெட்டால் அது உங்கள் பாடு. ஆகவே சாப்பிடப் போனாலும் ஓர் ஆள் வண்டியோடு இருக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் 127வது பிரிவில் போலீசே இழுத்துப்போகச் சொல்லலாம், செலவு ஓனருடையது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிராஸ், ஷாஃப்ட், ஏர் பைப், கூலி 19,500. தனியார் கிரேன் 9,000. ஹைட்ரா கிரேன் வைத்துக் கம்பியை மாற்றியதும் அடுத்த லாரி வாடகையும் 31,000. பாடி டிங்கரிங் 14,000, அதில் ஒரு பகுதி மட்டும் திரும்பியது. வக்கீலுக்கு 25,000. வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயில் காய்ந்த மாதத்துக்கு ஒரு தவணை 52,000. ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிராஸின் விலை இதில் சில ஆயிரம்தான். கிரீஸ் அடிக்கும்போது கிராஸைக் கையால் ஆட்டிப் பார்த்து லேசாக ஆடினாலே மாற்றிவிடுவது மலிவு என்று இப்போது எல்லா டிரைவருக்கும் சொல்கிறேன்.

கோர்ட்டில் ஒரு பேச்சு வரும். 'குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போங்கண்ணே, எதுக்கு அலையறீங்க.' வாடகை போய்க்கொண்டிருக்கும்போது இது தேன்போல இனிக்கும். ஒத்துக்கொண்டால் அந்த உத்தரவை எடுத்து நஷ்டஈட்டு வழக்கில் உங்கள் கவனக்குறைவுக்கு ஆதாரமாக வைப்பார்கள். லைசென்ஸுக்கும் கேடு வரலாம். அபராதம் கட்ட எந்த இன்சூரன்ஸும் பணம் தராது. அடிபட்டவருக்குச் சேரவேண்டியது அவருக்குச் சேரட்டும். அதை இன்சூரன்ஸ் கம்பெனி தீர்ப்பாயத்தில் பார்த்துக்கொள்ளும். அதற்காகச் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது இரட்டைச் சுமை. நஷ்டஈடு ஓனருக்கும் இன்சூரன்ஸுக்கும் போகும், கிரிமினல் வழக்கு டிரைவர் பெயரில் தங்கிவிடும். வேலையை விட்டு வேறு வண்டிக்குப் போனாலும் வாய்தாவுக்கு அவர்தான் வர வேண்டும். ஆகவே ஓனர் வக்கீல் செலவையும் வாய்தா நாள் படியையும் கொடுப்பார் என்று வேலைக்குச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுதி வாங்குங்கள். ஓனர்களும் இரண்டு ஜோடி முக்கோணம், மின்னும் விளக்கு, நாலு மரக்கட்டை, ஒளிரும் மேல்சட்டை இரண்டு வாங்கி வண்டியில் போட்டுவிட்டு, லோடு ஏற்றப் போகும்போது அவை டூல் பாக்ஸில் இருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.